525 மடங்கு ஜூம் டெலஸ்கோப் வாங்கலாமா? மொட்டை மாடியில் சனியின் வளையத்தைப் பார்க்க என்ன தேவை?

ஆன்லைன் ஷாப்பிங் ஆப் எதையாவது திறந்து 'டெலஸ்கோப்' என்று தேடிப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் பொம்மை முதல் லட்சத்தைத் தாண்டும் கருவிகள் வரை வரிசையாக வந்து நிற்கும். விலை குறைந்தவற்றில் பலவற்றின் பெட்டி மீது ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும்: வண்ணம் சொட்டும் சனிக்கோள், பக்கத்தில் ஒரு விண்மீன் கூட்டம், மேலே கொட்டை எழுத்தில் '525 எக்ஸ்'.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று ஆர்டர் போடுகிறார்கள். பெட்டி வருகிறது. இரவு மாடிக்குப் போய் நிறுத்தி, இருப்பதிலேயே சக்தி வாய்ந்த லென்ஸைப் போட்டுப் பார்த்தால், ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு மங்கலான வெள்ளைப் புள்ளி. அதுவும் சில நொடிகளில் ஓடிவிடும். 'இவ்வளவுதானா?' என்று பிள்ளை கீழே இறங்கிவிடும். அடுத்த வாரம் டெலஸ்கோப் பரணுக்குப் போய்விடும்.

இதில் வருத்தம் என்னவென்றால், சனியின் வளையத்தை வீட்டு மாடியிலிருந்தே பார்க்க முடியும் என்பது உண்மை. அதற்கு 525 மடங்கு தேவையே இல்லை. 50 மடங்கு போதும். அப்படியென்றால் தப்பு எங்கே நடக்கிறது? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வாங்கிய பிறகு எதை, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும்?

அந்த 525 எங்கிருந்து வருகிறது?

டெலஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் கணக்கு போதும். டெலஸ்கோப்பின் குவியத் தொலைவை, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். முன் லென்ஸின் விட்டம் 60 மி.மீ., குவியத் தொலைவு 700 மி.மீ. இதில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 28 மடங்கு. 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. 4 மி.மீ. போட்டால் 175 மடங்கு. இதோடு 'மூன்று மடங்கு பார்லோ' என்ற கூடுதல் லென்ஸையும் சொருகினால் 175 பெருக்கல் 3. அதாவது 525!

கணக்கு சரிதான். பிரச்சினை, அந்த 525 மடங்கில் பார்க்க எதுவும் மிச்சமிருக்காது என்பதுதான்.

வாட்ஸ்அப்பில் வந்த சின்ன போட்டோவை இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு கட்டம் வரை முகம் பெரிதாகும். அதற்கு மேல் கட்டம் கட்டமாக உடையும். புதிதாக எந்த விவரமும் வராது. டெலஸ்கோப்பிலும் இதே கதைதான். அங்கே கட்டங்கள் கிடையாது, மங்கலும் குழப்பமும் கூடிக்கொண்டே போகும். உருவத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கினால் அதே வெளிச்சம் 25 மடங்கு பரப்பில் பரவுகிறது. அந்த அளவுக்கு இருண்டுவிடும்.

அனுபவஸ்தர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு பொது விதி உண்டு. முன் லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் அந்த டெலஸ்கோப்பின் உச்ச வரம்பு. 60 மி.மீ. என்றால் 120 மடங்கு. அதுவும் வானம் மிகத் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில்.

அப்போ எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஒரே ஒரு எண்ணைப் பார்க்கலாம் என்றால் அது அப்பர்ச்சர். அதாவது முன்பக்க லென்ஸின் அல்லது அடியில் இருக்கும் கண்ணாடியின் விட்டம்.

இரண்டு வேலைகளை இது தீர்மானிக்கிறது. ஒன்று, வெளிச்சம். இருட்டில் நன்றாக விரிந்த மனிதக் கண்மணியின் விட்டம் சுமார் 7 மி.மீ. 70 மி.மீ. லென்ஸ் அதைப்போல் 10 மடங்கு அகலம், பரப்பில் 100 மடங்கு. ஆக, வெறும் கண்ணைவிட 100 மடங்கு வெளிச்சத்தை அள்ளுகிறது. 150 மி.மீ. கண்ணாடி, அந்த 70 மி.மீ. லென்ஸைவிட நாலரை மடங்கு அதிகமாக அள்ளும்.

இரண்டாவது, நுணுக்கம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன் அகலத்தோடு கூடுகிறது. வியாழனின் மேகப் பட்டைகளில் இரண்டு தெரியுமா, ஐந்தாறு தெரியுமா என்பது இதைப் பொறுத்தது.

பெட்டியில் உருப்பெருக்கத்தைப் பெரிதாகவும் அப்பர்ச்சரைச் சின்ன எழுத்திலும் போட்டிருந்தால், அந்தக் கருவியைத் தள்ளி வைத்துவிடலாம்.

பார்த்தால் உண்மையில் எப்படித் தெரியும்?

வாங்கும் முன் மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. பெட்டி மீது இருக்கும் படங்கள் விண்வெளித் தொலைநோக்கிகளும் விண்கலங்களும் எடுத்தவை. உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவது சின்னது. ஆனால் அது படம் இல்லை, அந்த நொடியில் அங்கிருந்து வந்து விழும் வெளிச்சம்.

நிலாதான் முதல் பாடம். எந்த டெலஸ்கோப்பிலும் ஏமாற்றாது. ஆனால் பௌர்ணமி அன்று பார்க்காதீர்கள். நேராக வெயில் அடிப்பதால் நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். பாதி நிலா நாட்களில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பு நிழல் நீண்டு விழுவது தெளிவாகத் தெரியும்.

வியாழன் பூமிக்கு அருகில் வரும் சமயங்களில், 40 மடங்கு உருப்பெருக்கம் வைத்தாலே வெறும் கண்ணுக்கு நிலா தெரியும் அளவுக்குத் தெரியும். 'அவ்வளவு பெரிசா?' என்று தோன்றலாம். ஆனால் நிலாவே நாம் நினைப்பதைவிடச் சின்னது. கையை நீட்டி ஒரு பட்டாணியைப் பிடித்தால் அதற்குப் பின்னால் நிலா மறைந்துவிடும். அந்தப் பட்டாணியில் இரண்டு பழுப்பு நிறப் பட்டைகளை 70 மி.மீ. டெலஸ்கோப்பே காட்டிவிடும். பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை இருக்கும். அயோ, யூரோப்பா, கனிமீட், காலிஸ்டோ என்ற நான்கு நிலாக்கள் அவை. 1610 ஜனவரியில் கலீலியோ இவற்றைத்தான் பார்த்தார். அவரிடம் இருந்தது சுமார் 20 மடங்கு டெலஸ்கோப். இன்றைக்குக் கிடைக்கும் 10×50 பைனாகுலரை அசையாமல் சாய்த்து வைத்துப் பார்த்தாலே இந்த நான்கும் தெரியும். அயோ ஒன்றே முக்கால் நாளில் வியாழனைச் சுற்றி முடிப்பதால், இரவு எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவிலேயே அது நகர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம்.

சனி, எல்லோரும் காத்திருக்கும் ஆள். 25 மடங்கில் ஒரு முட்டை போலத் தெரியும். 50 மடங்கு வந்ததும் வளையம் தனியாகப் பிரியும். கலீலியோவுக்கு அது வளையம் என்று புரியவே இல்லை, இரண்டு காதுகள் மாதிரித் தெரிந்தது. வளையம் என்று விளக்கியவர் ஹாலந்து நாட்டின் ஹைகன்ஸ், 1659-ல்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2025 மார்ச்சில் சனியின் வளையத்தின் விளிம்பு நேராகப் பூமியைப் பார்த்தபடி வந்தது. அத்தனை பெரிய வளையம் அவ்வளவு மெல்லியது என்பதால் அப்போது கிட்டத்தட்டக் காணாமலே போனது. இப்போது மெல்லத் திறந்து வருகிறது. 2032 வாக்கில் முழு அழகில் விரியும். ஆகவே இந்த ஆண்டு பார்த்துவிட்டு 'என்ன, கோடு மாதிரி இருக்கு?' என்று டெலஸ்கோப்பைத் திட்ட வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் அது விரிவதைப் பார்ப்பதே ஒரு தொடர்கதை.

செவ்வாய் கொஞ்சம் பிகு பண்ணும். 26 மாதங்களுக்கு ஒரு முறைதான் அருகில் வரும். அதிலும் எல்லா முறையும் ஒரே தூரம் கிடையாது. 2003-ல் வந்தபோது தெரிந்த அளவில் ஏறக்குறைய பாதிதான் 2027 பிப்ரவரியில் தெரியும். 150 மி.மீ. டெலஸ்கோப்பும் பொறுமையும் இருந்தால் துருவத்து வெண்பனித் தொப்பியைப் பிடிக்கலாம்.

வெள்ளியில் மேகம் தவிர எதுவும் தெரியாது. ஆனால் அதுவும் நிலா மாதிரி தேய்ந்து பிறையாகும். 2026 ஆகஸ்ட் நடுவில் மாலை நேர மேற்கு வானில் பாதி வெள்ளியாகத் தெரிந்து, செப்டம்பரில் பிறையாக மெலிந்துகொண்டே பெரிதாகும். வாரம் ஒருமுறை நோட்டில் வரைந்து வைத்தால், கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்பதற்கான சாட்சியத்தைப் பிள்ளைகளே தயாரித்துவிடுவார்கள்.

எந்த வகை வாங்கலாம்?

முன்னால் லென்ஸ் இருப்பது ரிஃப்ராக்டர். பராமரிப்பு குறைவு, எடை குறைவு, எடுத்தவுடன் பார்க்கலாம். முதல் டெலஸ்கோப்புக்கு 70 மி.மீ. முதல் 90 மி.மீ. வரை நல்ல தேர்வு. இதில் நிலா, வியாழன், சனி மூன்றும் திருப்தியாகத் தெரியும். விலை குறைந்தவற்றில் பிரகாசமான பொருள்களைச் சுற்றி மெல்லிய ஊதா நிறம் கசியும். அது பழுது இல்லை, சாதாரண லென்ஸின் இயல்பு.

அடியில் கண்ணாடி இருப்பது ரிஃப்ளெக்டர். 1668-ல் நியூட்டன் செய்து காட்டிய வகை. கொடுக்கும் காசுக்கு அதிக அப்பர்ச்சர் இதில்தான் கிடைக்கும்.

இந்த ரிஃப்ளெக்டரைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர். பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து, அட்டைக் குழாயில் பொருத்தி, மரப்பெட்டி மேல் உட்கார வைத்தார். தெருவோரம் நிறுத்தி, போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டுச் சனியைக் காட்டினார். அவர் பெயரால்தான் இன்று 'டாப்சோனியன்' என்ற வகை விற்கிறது. தரையில் உட்காரும் ஒரு சுழல் மேடை, அதன் மேல் குழாய். கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். பட்ஜெட்டும் வைக்க இடமும் இருந்தால், 150 மி.மீ. டாப்சோனியன் பல ஆண்டுகளுக்குத் தாங்கும்.

150 மி.மீ. என்பது சின்ன அளவு என்று நினைக்க வேண்டாம். 1781 மார்ச் 13 அன்று, இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்குத் தொழில் இசை. கையால் செய்த அவருடைய டெலஸ்கோப்பின் கண்ணாடி ஆறங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

மூன்று இடங்களில் உஷார்.

முதலாவது, ஸ்டாண்ட். நல்ல லென்ஸை ஆடுகிற ட்ரைபாடில் வைத்தால் பயன் இல்லை. 150 மடங்கில் பார்க்கும்போது பூமியின் சுழற்சியால் கோள் ஒன்றேகால் நிமிடத்திலேயே பார்வையை விட்டு ஓடிவிடும். மறுபடி மறுபடி தள்ள வேண்டும். ஒவ்வொரு முறை தொடும்போதும் ஐந்து நொடி ஆடினால் எதைத்தான் பார்ப்பது?

இரண்டாவது, 'ஈக்வடோரியல்' ஸ்டாண்ட். பூமியின் அச்சுக்கு இணையாகத் திருப்பி வைத்தால் ஒரே ஒரு திருகால் கோளைத் தொடர முடியும் என்பது இதன் வசதி. ஆனால் அதற்குத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், கன்னியாகுமரியில் வெறும் 8. பக்கத்து அபார்ட்மென்ட் மறைத்துவிடும். தவிர, சில மாடல்களை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கல் ட்ரைபாட் காலில் இடிக்கும். ஐரோப்பியரின் விமர்சன வீடியோவைப் பார்த்து ஆர்டர் போடும் முன், உங்கள் ஊரின் அட்சரேகைக்கு அது இறங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குட்டைக் குழாய் தந்திரம். குழாயின் நீளம் அரை மீட்டர், ஆனால் குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று போட்டிருக்கும் விலை குறைந்த ரிஃப்ளெக்டர்களில், உள்ளே ஒரு கூடுதல் லென்ஸை ஒட்டி வைத்திருப்பார்கள். கண்ணாடியை நேர்படுத்துவது தலைவலி, படமும் கூர்மையாக வராது.

ஐபீஸ் சொருகும் துளை ஒன்றேகால் அங்குல அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது உலகப் பொது அளவு. பின்னால் நல்ல ஐபீஸ் தனியாக வாங்கலாம். அதைவிடச் சிறிய பழைய அளவு என்றால் அப்படியே மாட்டிக்கொள்வீர்கள்.

நகர வெளிச்சத்தில் தெரியுமா?

கோள்களுக்கு நகர வெளிச்சம் பெரிய தடையே இல்லை. மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பார்க்கத்தான் இருட்டான ஊர் தேவை. வியாழனும் சனியும் வெள்ளியும் தி.நகர் மாடியிலிருந்து தெரிவதும், ஜவ்வாது மலையிலிருந்து தெரிவதும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சொல்லப்போனால், கோள் பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு யோகமான இடம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கோள்கள் நம் தலைக்கு மேலே உயரமாக ஏறுகின்றன. 2018-ல் சனி தென்வானில் மிகத் தாழ்ந்திருந்த சமயத்தில், லண்டனில் இருந்தவர்களுக்கு அது அடிவானத்திலிருந்து 16 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. அதே சனி சென்னையில் 54 டிகிரிக்கு ஏறியது. தாழ்வாக இருந்தால் தடிமனான காற்றுப் படலத்தின் வழியாகப் பார்க்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று குறையும், படம் நிற்கும்.

அப்படியும் ஏன் கலங்கித் தெரிகிறது?

வில்லன், காற்று. சூடான தார்ச்சாலைக்கு மேலே தூரத்துப் பொருள்கள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் டெலஸ்கோப்பிலும் நடக்கிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு.

மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், சூடு சீக்கிரம் இறங்கும். முடிந்தால் நள்ளிரவுக்குப் பிறகு அல்லது விடியற்காலையில் பாருங்கள். பக்கத்து வீட்டு ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்கு மேலாகப் பார்க்காதீர்கள். கோள் உச்சிக்கு ஏறும் வரை காத்திருங்கள். நட்சத்திரங்கள் படபடவென்று மின்னும் இரவு கவிதைக்கு நல்லது, கோளுக்குக் கெட்டது. அவை அமைதியாக எரியும் இரவே நமக்கு வேண்டியது.

டெலஸ்கோப்பை ஏ.சி. அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுவந்தால், மூக்குக்கண்ணாடியில் படிவது போல லென்ஸில் ஈரம் படியும். அதைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முன்கூட்டியே ஏ.சி. இல்லாத இடத்தில் வைத்து, பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கடலோர ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இன்னொரு தொல்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது மலிவான காப்பீடு.

முதல் பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிடாது. ஐபீஸில் தொடர்ந்து ஐந்து, பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால், காற்று ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் வியாழனின் பட்டைகள் பளிச்சென்று தெரிந்து மறையும். கண்ணும் பழகப் பழகத்தான் பார்க்கும்.

போனில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஐபீஸோடு போனைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் தனியாகக் கிடைக்கிறது. நிலாவுக்கு ஒரு க்ளிக் போதும். கோள்களுக்கு ஒரு டிரிக் இருக்கிறது: போட்டோ எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள்.

ஒன்றிரண்டு நிமிட வீடியோவில் ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் இருக்கும். அதில் காற்று நின்ற நொடிகளின் ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. 'ஆட்டோஸ்டேக்கர்ட்', 'ரெஜிஸ்டாக்ஸ்' இரண்டும் பிரபலம். போனின் எக்ஸ்போஷரைக் குறைத்து வைப்பது முக்கியம், இல்லையென்றால் வியாழன் வெறும் வெள்ளை பல்பாகத்தான் பதியும்.

மாடியிலிருந்து அறிவியலுக்கு எதாவது செய்ய முடியுமா?

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள்.

2009 ஜூலை 19 இரவு. ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கு அருகே, ஆன்டனி வெஸ்லி என்ற கணினி புரோகிராமர் வீட்டுப் பின்புறத்தில் தன் 14.5 அங்குல டெலஸ்கோப்பில் வியாழனைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். காற்று சரியில்லை, மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தவர், இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று தொடர்ந்தார். வியாழனின் தென்துருவத்துக்கு அருகே முன்பு இல்லாத ஒரு கறுப்புத் தழும்பு. ஏதோ ஒரு விண்பொருள் மோதிய தடம் அது. அவர் அனுப்பிய தகவலைப் பார்த்து ஹவாயில் இருந்த நாசாவின் டெலஸ்கோப் உறுதி செய்தது. சில நாட்களில் ஹப்புளும் திரும்பிப் பார்த்தது.

இன்னொருவர் பிலிப்பைன்ஸின் செபு நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோ. மரச்சாமான் தொழில் செய்பவர். 2006 பிப்ரவரியில் தன் 11 அங்குல டெலஸ்கோப்பில், வியாழனில் அதுவரை வெள்ளையாக இருந்த ஒரு புயல் சிவப்பாக மாறியிருப்பதை உலகுக்குச் சொன்னார். 'குட்டிச் சிவப்புப் புள்ளி' என்று அது பிரபலமானது. செபு இருப்பது வடக்கு 10.3 டிகிரி அட்சரேகையில். கிட்டத்தட்ட நம் திண்டுக்கல் இருக்கும் அதே கோடு. அவருக்குத் தெரியும் வியாழன்தான் நமக்கும் தெரிகிறது, அதே உயரத்தில்.

விண்கலங்கள் அனுப்பும் நாடுகள்கூட இவர்களை நம்புகின்றன. வியாழனைச் சுற்றும் நாசாவின் 'ஜூனோ' திட்டம், எங்கே எந்தப் புயல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள உலகெங்கும் இருக்கும் அமெச்சூர்களின் படங்களைக் கேட்டு வாங்கியது. பெரிய ஆய்வகங்கள் தினமும் வியாழனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாடியில் நிற்பவர்களால் முடியும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. 1689-ல் புதுச்சேரியில் இருந்த பாதிரியார் ரிஷோ, ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்கப்போய், ஆல்பா சென்டாரி உண்மையில் இரட்டை நட்சத்திரம் என்பதைக் கண்டுபிடித்தார். 1972-ல் ஜவ்வாது மலை காவலூரில், அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்பைக்கொண்டு, வியாழனின் நிலா கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் பிடிக்கப்பட்டது. அதே கனிமீட்தான் உங்கள் பைனாகுலரில் தெரியும் புள்ளி.

இதை மட்டும் செய்யவே கூடாது

டெலஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஒரு நொடிகூட.

பூதக்கண்ணாடியால் காகிதம் எரிவது தெரியும். 60 மி.மீ. லென்ஸ் குவிக்கும் வெயில் கண்ணுக்குள் போனால் விழித்திரை கருகிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதுதான் கொடுமை. பார்வை போனது பிறகுதான் தெரியும், திரும்ப வராது.

சில மலிவான செட்டுகளில் ஐபீஸில் திருகும் ஒரு கறுப்புக் கண்ணாடியை 'சன் ஃபில்டர்' என்று வைத்திருப்பார்கள். அது இருக்கும் இடத்தில்தான் வெயில் குவிகிறது. சூட்டில் விரிசல் விட்டால் முழு வெயிலும் கண்ணுக்குள். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், வேறு யார் கையிலும் கிடைக்காதபடி. சூரியனைப் பார்ப்பதற்கென்று சான்று பெற்ற ஃபில்டர், டெலஸ்கோப்பின் முன் வாயில் மாட்டுவது. அதையும் அனுபவம் உள்ளவர் உடன் இருக்கும்போது மட்டும். குறிபார்க்கும் சின்னக் குழாயையும் மூடி வைக்க வேண்டும்.

பகலில் டெலஸ்கோப்பை மாடியில் விட்டுவிட்டு வராதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இது கட்டாய விதி.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்?

உடனே பணம் செலவழிக்கத் தேவையில்லை. முதல் மாதம், 'ஸ்டெல்லேரியம்' போன்ற இலவச ஆப்பை வைத்துக்கொண்டு எந்தப் புள்ளி எந்தக் கோள் என்று வெறும் கண்ணால் பழகுங்கள். மின்னாமல் நிலையாக எரிவது பெரும்பாலும் கோள்தான். வீட்டில் பைனாகுலர் இருந்தால் நிலாவையும் வியாழனையும் பாருங்கள்.

அடுத்து, வாங்கும் முன் ஒருமுறை வேறொருவர் டெலஸ்கோப்பில் கண் வையுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது, திருச்சியில் அண்ணா அறிவியல் மையம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் பள்ளிகளிலும் ஊர்களிலும் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. பத்து நிமிடம் அங்கே பார்த்தாலே, பெட்டிப் படத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும். அந்த நிஜம் பிடித்திருந்தால் வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் காசு மிச்சம்.

வாங்குவதென்றால், நேரம் நன்றாகவே இருக்கிறது. 2026 அக்டோபர் 4 வாக்கில் சனி, சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வந்து இரவு முழுக்கத் தெரியும். அடுத்து வடகிழக்குப் பருவமழை குறுக்கே வரும். ஆனால் ஜனவரி வரை மாலை வானில் சனி இருக்கும், மேகம் விலகும் இரவுகளில் பார்த்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்து வானம் தெளியும் 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சில நாள் இடைவெளியில் அதே நிலைக்கு வருகின்றன. இருட்டியதும் இரண்டும் கிழக்கில் எழும்.

சனிப்பெயர்ச்சி என்றால் எந்த ராசிக்கு என்ன பலன் என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களை ஒருநாள் மாடிக்குக் கூட்டிப் போய், 25 மி.மீ. ஐபீஸில் கோளைப் பிடித்து, பிறகு 10 மி.மீ.க்கு மாற்றி, 'இப்போ பாருங்க' என்று நகர்ந்து நில்லுங்கள். ஒரு குட்டி மஞ்சள் உருண்டை, அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாயா என்று கேட்பார்கள். அதற்குள் அது மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கும். மறுபடி பிடித்துக் கொடுங்கள்.

525 மடங்கு இல்லாமல், எழுபது மடங்கிலேயே இது நடந்துவிடும்.